பிசிக்கு உரிமையாளர் கிடையாது: எக்ஸ்க்ளூசிவ் கேம்களும் பிசியும்

கேள்வி இது: பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டென்டோ மூன்றும் தங்களிடம் மட்டுமே கிடைக்கும் ‘எக்ஸ்க்ளூசிவ்’ கேம்களைக் காட்டி ஆள் சேர்க்கின்றன. இந்தப் போட்டியில் பிசியும் ஒரு தரப்பா? ஆம் என்றால், பிசிக்கு மட்டும் என்று பெரிய கேம்களை ஏன் யாரும் அறிவிப்பதில்லை?

தரப்பு இல்லை என்பதுதான் என் பதில். ஒரு கேமை மற்ற இடங்களில் கிடைக்காமல் செய்வதற்கு யாராவது பணம் கொடுக்க வேண்டும். கொடுத்த பணத்தைத் திரும்ப எடுக்க அவருக்கு ஒரு வழியும் இருக்க வேண்டும். பிசி உலகில் அப்படி ஒருவர் கிடையாது. ஆனால் அந்தப் போட்டியை பிசி பாதிக்கிறதா என்று நீங்கள் கேட்டிருந்தால் பதில் தலைகீழாகியிருக்கும். கடந்த பத்து ஆண்டுகளில் எக்ஸ்க்ளூசிவ் வியாபாரத்தை பிசி அளவுக்கு வேறெதுவும் மாற்றவில்லை.

முதலில் கன்சோல் கம்பெனிகளின் கணக்கைப் பார்த்துவிடலாம். கேம் ஆடுவதற்கென்றே செய்த கன்சோல் என்ற பெட்டியை விற்பதில் பெரிய லாபம் இல்லை. பல சமயம் நஷ்டம்தான். 2021-ல் எபிக் நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் சாட்சி சொன்ன மைக்ரோசாஃப்ட் அதிகாரி, எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளை விற்பதில் மட்டும் கம்பெனி ஒருபோதும் லாபம் பார்த்ததில்லை என்று கூறினார். சோனி 499 டாலர் பிளேஸ்டேஷன் 5-ஐ 2020 நவம்பரில் வெளியிட்டது. அதை நஷ்டமில்லாமல் விற்கும் நிலை வந்தது 2021 ஆகஸ்டில்தான். நின்டென்டோ பெரும்பாலும் பெட்டியிலேயே கொஞ்சம் லாபம் பார்த்துவிடும். மற்ற இருவருக்கும் வருமானம் பெட்டிக்குள் நுழைந்த பிறகுதான் தொடங்குகிறது. அதன் கடையில் விற்கும் ஒவ்வொரு கேமிலும் வழக்கமாக 30 சதவீதம், ஆன்லைனில் ஆட மாதச் சந்தா, கேமுக்குள் வாங்கும் பொருள்களிலும் பங்கு. ஆகவே உங்களை ஒருமுறை உள்ளே இழுத்துவிட்டால் ஐந்தாறு ஆண்டுகளுக்கு வரவு உண்டு. அப்படி இழுக்கும் தூண்டில்தான் எக்ஸ்க்ளூசிவ். அந்தக் கேம் தன் செலவைத் தானே எடுக்காவிட்டாலும், அதற்காகப் பெட்டி வாங்கியவர் மற்ற நூறு கேம்களை அங்கே வாங்கினால் கணக்கு நேராகிவிடும்.

ஹேலோவின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1999-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் மேக்வேர்ல்டு மேடையில் அந்தக் கேமை அறிமுகப்படுத்தினார். மேக்கிலும் விண்டோஸிலும் வரவேண்டிய கேம் அது. அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் அதைச் செய்த பங்கி ஸ்டுடியோவை வாங்கியது. 2001 நவம்பரில் முதல் எக்ஸ்பாக்ஸ் வெளிவந்தபோது அதன் முகமாக நின்றது ஹேலோதான். பிசிக்கு அது 2003-ல் வந்தது. ஹேலோ 2 கன்சோலில் 2004-ல் வந்தது, பிசியில் 2007-ல், அதுவும் விண்டோஸ் விஸ்டா இருந்தால் மட்டும். 2007-ல் வந்த ஹேலோ 3-ஐ பிசியில் ஆட 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கணினிக்காகத் தொடங்கப்பட்ட ஒரு கேம் வரிசையின் மூன்றாம் பாகத்தை ஒரு கம்பெனி தன் பெட்டிக்காகப் பதின்மூன்று ஆண்டுகள் பூட்டி வைக்க முடிந்தது. அந்தக் கம்பெனி விண்டோஸின் உரிமையாளரும்கூட என்பதுதான் எனக்கு இன்றுவரை உறுத்தும் விஷயம்.

இப்போது அதே கணக்கை பிசியில் போட்டுப் பாருங்கள். உங்கள் கணினியில் செயலி இன்டெல்லுடையதாகவோ ஏஎம்டியுடையதாகவோ இருக்கும். கிராபிக்ஸ் கார்டு என்விடியா, இயங்குதளம் மைக்ரோசாஃப்ட், கேம் வாங்கும் கடை வால்வ் நடத்தும் ஸ்டீம். ஒரு கேமைக் கன்சோல்களுக்குப் போகாமல் தடுக்க இவர்களில் யார் 10 கோடி டாலர் கொடுப்பார்கள்? என்விடியா கொடுத்தால் ஏஎம்டி கார்டு விற்பவருக்கும் சேர்த்து லாபம் போகும். மைக்ரோசாஃப்டுக்கு எக்ஸ்பாக்ஸ் என்ற சொந்தப் பெட்டி இருக்கிறது. வால்வுக்கோ கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. 2025-ல் ஸ்டீமில் ஒரே நேரத்தில் இணைந்திருந்தவர்களின் எண்ணிக்கை 4 கோடியைத் தாண்டியது. அந்தக் கூட்டம் இருக்கும் வரை கேம்கள் தாமாகவே வந்து சேரும்.

பிசி உலகில் பணம் கொடுத்து கேம்களைப் பிடித்த ஒரே பெரிய கை எபிக். 2018 டிசம்பரில் எபிக் தன் கடையைத் திறந்தபோது, ஸ்டீம் வழக்கமாக எடுக்கும் 30 சதவீதத்துக்குப் பதில் 12 சதவீதம்தான் எடுப்போம் என்றது. கூடவே பல கேம்களுக்கு முன்பணம் கொடுத்து ஓராண்டு தன்னிடம் மட்டுமே விற்க வைத்தது. அந்தப் பணம் யாருக்கு எதிராகச் செலவானது என்பதைக் கவனிக்க வேண்டும். 2019 பிப்ரவரியில் மெட்ரோ எக்ஸோடஸ் வெளிவந்தபோது பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் முதல் நாளே கிடைத்தது. கிடைக்காத இடம் ஸ்டீம். கன்ட்ரோல் கேமும் அதே ஆண்டு அதே வழியில் வந்தது. அதற்கு எபிக் கொடுத்தது 94.9 லட்சம் யூரோ என்பது அதன் வெளியீட்டாளரின் தாய் நிறுவனக் கணக்கிலிருந்து தெரியவந்தது. பிசியில் எக்ஸ்க்ளூசிவ் சண்டை உண்டு, ஆனால் அது கடைக்கும் கடைக்கும் நடந்த சண்டை. கன்சோல் அதில் ஓரமாகக்கூட நிற்கவில்லை.

2016-ல் இன்னொரு முயற்சியும் நடந்தது. ஆக்குலஸ் ரிஃப்ட் என்ற விஆர் கருவியை (கண்ணில் மாட்டி மெய்நிகர் உலகில் ஆடும் சாதனத்தை) விற்ற நிறுவனம், தன் கடையில் வாங்கிய கேம்கள் வேறு கம்பெனிக் கருவியில் ஓடாதபடி ஒரு சோதனையைச் சேர்த்தது. கணினியில் செருகும் ஒரு சாதனத்துக்குக் கன்சோல் போல வேலி போடுவதா என்று பிசி ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். சில வாரங்களில் அந்தச் சோதனை நீக்கப்பட்டது. பிசி ஆட்டக்காரர்களிடம் இருக்கும் இந்தப் பிடிவாதத்தை நான் மனதார மதிக்கிறேன். எந்தத் திரையில், எந்தக் கட்டுப்பாட்டுக் கருவியில், யாருடைய சாதனத்தில் ஆடுவது என்பது நம் முடிவு என்ற நினைப்பு அவர்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அங்கே வேலி போடுவது எளிதல்ல.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதியில் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. பிசியில் மட்டுமே கிடைக்கும் கேம்கள் ஏராளம். அவற்றை யாரும் விலைகொடுத்து அங்கே நிறுத்தி வைக்கவில்லை என்பதால் மேடையில் அறிவிப்பு வருவதில்லை, அவ்வளவுதான். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் 2004-ல் வந்தது. இருபது ஆண்டுகள் கடந்தும் எந்தக் கன்சோலுக்கும் போகவில்லை. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் 2009, டோட்டா 2 2013, கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2 2023: உலகில் மிக அதிகமானோர் ஆடும் கேம்களில் இவை மூன்றும் உண்டு, மூன்றுமே கன்சோலில் இல்லை. நூறு படைவீரர்களை ஒரே இழுப்பில் தேர்ந்தெடுத்து நான்கு திசைக்கு அனுப்பும் வியூக கேம் மவுஸை நம்பிப் பிறந்தது. இரண்டு குச்சிகள் கொண்ட கன்ட்ரோலரில் அதை ஆடினால் பாதி வேகம் போய்விடும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4 பிசிக்கு 2021-ல் வந்தது, எக்ஸ்பாக்ஸுக்கு 2023-ல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அதை பிசியில் பிடித்து வைத்தது எந்த ஒப்பந்தமும் இல்லை, கட்டுப்பாட்டு முறையைப் புதிதாகச் சிந்திக்க வேண்டியிருந்தது என்பதுதான் காரணம்.

மவுஸைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கன்சோலில் ஒரு கேம் வெளியிட வேண்டுமென்றால் கம்பெனியிடம் பதிவு செய்து, டெவலப்பர் கருவி வாங்கி, அவர்களுடைய சான்றளிப்புச் சோதனையில் தேற வேண்டும். பிசியில் அந்த வாயில் இல்லை. இரண்டு சகோதரர்கள் 2006-ல் டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் கேமை எழுத்துக் குறிகளாலான திரையோடு இலவசமாக இணையத்தில் வைத்தார்கள். படங்களோடு ஸ்டீமில் விற்பனைக்கு வந்தது 2022 டிசம்பரில். பதினாறு ஆண்டுகள் ஒரு கேம் எல்லோர் கண்முன்னே வளர்வதை எந்தக் கன்சோல் கம்பெனியின் நடைமுறையும் தாங்கியிருக்காது. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் தொடக்கத்தில் வால்வின் ஹாஃப்-லைஃப் கேமுக்கு ரசிகர்கள் செய்த ஒரு மாட், அதாவது இருக்கும் கேமை மாற்றிச் செய்த பதிப்பு. டோட்டா, வார்கிராஃப்ட் 3-ன் வரைபடக் கருவியில் பிறந்தது. அதிலிருந்து ஒரு முழு கேம் வகையே கிளைத்தது. டேஇசட் என்பது ஆர்மா 2-ன் மாட். பல ஆண்டுகளாகக் கன்சோல்களிலும் கொடிகட்டிப் பறக்கும் கேம் வகைகளின் வேரைத் தோண்டினால், யாரிடமும் அனுமதி கேட்காமல் யாரோ ஒருவர் பிசியில் செய்து பார்த்த ஏதோ ஒன்று தட்டுப்படும். என்னைப் பொறுத்தவரை பிசியின் உண்மையான எக்ஸ்க்ளூசிவ் இதுதான்: ஒரு கேம் வகை எல்லோருக்கும் பொதுவாவதற்கு முந்தைய காலம்.

பெரிய பட்ஜெட்டில் பிசிக்கு மட்டும் கேம் செய்யும் பழக்கம் எங்கே போனது என்று கேட்டால், அதற்குக் கிரைசிஸைப் பார்க்க வேண்டும். 2007-ல் அன்றைய கணினிகளை மூச்சுத்திணற வைத்த கேம் அது. அதைச் செய்த கிரைடெக் அடுத்த ஆண்டே, திருட்டுப் பிரதிகளால் அடிபட்டுவிட்டோம், இனி பிசிக்கு மட்டும் கேம் செய்யப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. கிரைசிஸ் 2 2011-ல் கன்சோல்களுக்கும் சேர்த்தே வந்தது. செலவு கூடக்கூட ஒரே தளத்தை நம்ப முடியாது. அந்த நட்டத்தைத் தாங்க கன்சோலில் ஒரு கம்பெனி இருக்கிறது, பிசியில் இல்லை. ஸ்டார் சிட்டிசன் என்ற ஒரே பெரிய விதிவிலக்கும் இதைத்தான் உறுதிப்படுத்துகிறது. 2012-லிருந்து அது பிசிக்காக மட்டும் உருவாகிவருகிறது, 70 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருக்கிறது, ஆனால் கொடுத்தவர்கள் ஆட்டக்காரர்களே. தாங்குவதற்கு உரிமையாளர் இல்லாத இடத்தில் ரசிகர்களே உரிமையாளரின் சுமையைச் சுமக்கிறார்கள்.

அப்படியென்றால் எக்ஸ்க்ளூசிவ் போட்டியை பிசி எப்படி மாற்றியது என்கிறேன்? சோனியைப் பாருங்கள். 2013-ல் பிளேஸ்டேஷன் 4-உம் எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் கணினிகளில் இருக்கும் அதே எக்ஸ்86 வகை ஏஎம்டி செயலிகளோடு வந்தன. அதற்கு முந்தைய பிளேஸ்டேஷன் 3-ல் இருந்த செல் செயலி வேறொரு கிரகத்துப் பொருள். அதற்காக எழுதிய கேமை பிசிக்குக் கொண்டுவருவது கிட்டத்தட்ட மறுபடி எழுதுவதற்குச் சமம். 2013-க்குப் பிறகு அந்தச் சுவர் மிகவும் தாழ்ந்துவிட்டது. மறுபுறம் செலவு விண்ணைத் தொட்டது. 2023-ல் மைக்ரோசாஃப்டுக்கு எதிரான அமெரிக்க வழக்கில் சரியாக மறைக்கப்படாத ஒரு சோனி ஆவணத்திலிருந்து, தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-க்குச் சுமார் 22 கோடி டாலரும் ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்டுக்கு 21.2 கோடி டாலரும் செலவானது தெரிந்தது. இப்படிச் செலவழித்த கேமை ஒரு பெட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே விற்பதில் நியாயம் தேடுவது கடினம்.

ஹொரைசன் ஸீரோ டான் 2017 பிப்ரவரியில் பிளேஸ்டேஷனில் வந்து, 2020 ஆகஸ்டில் பிசிக்கு வந்தது. 2022 மார்ச் வரை பிசியில் சுமார் 24 லட்சம் பிரதிகள் விற்றதாகச் சோனி முதலீட்டாளர்களிடம் கணக்குக் காட்டியது. ஏற்கெனவே செய்து முடித்த கேம், அதன் பெரிய செலவெல்லாம் முன்பே முடிந்துவிட்டது. வந்ததெல்லாம் கூடுதல் வரவு. 2021-ல் ஒரு தளத்தின் கேமை இன்னொரு தளத்துக்கு மாற்றும் போர்ட் வேலையில் பெயர்பெற்ற நிக்ஸஸ் ஸ்டுடியோவைச் சோனி வாங்கியது. காத்திருப்பு குறையத் தொடங்கியது. காட் ஆஃப் வார் பிசிக்கு வர மூன்றே முக்கால் ஆண்டு ஆனது. அதன் தொடர்ச்சியான ரக்னராக் 22 மாதத்தில் வந்தது. ஸ்பைடர்-மேன் 2 பதினைந்தே மாதத்தில்.

இதில் நான் சொல்ல விரும்புவது, எக்ஸ்க்ளூசிவ் ஒழிந்துவிட்டது என்பதில்லை. அது இடத்திலிருந்து காலத்துக்கு மாறிவிட்டது. முன்பு ஒரு கேம் எங்கே கிடைக்கும் என்று கேட்டோம். இன்று எப்போது கிடைக்கும் என்று கேட்கிறோம். சோனியின் கண்ணில் பிசி எதிரி இல்லை. பழைய பாகத்தை அங்கே விற்று, அடுத்த பாகத்துக்காகப் பிளேஸ்டேஷன் வாங்க வைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு; ஸ்டுடியோக்களின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் ஹெர்மன் ஹல்ஸ்ட் 2024-ல் அதை வெளிப்படையாகவே சொன்னார். பழைய பாகத்தை ஆடிவிட்டு அடுத்ததற்காக உண்மையில் எத்தனை பேர் பெட்டி வாங்குகிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இத்தனை ஆண்டுகள் காத்திருந்து பழகியவர் இன்னும் பதினைந்து மாதம் காத்திருக்கமாட்டாரா?

பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயர் கேமில் இந்தக் காத்திருப்பு உத்தியும் செல்லாது. ஆட ஆள் கூட்டம் வேண்டும், அதுவும் முதல் வாரத்திலேயே வேண்டும். அதனால்தான் ஹெல்டைவர்ஸ் 2-ஐச் சோனி 2024 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5-லும் பிசியிலும் ஒரே நாளில் வெளியிட்டது. பன்னிரண்டு வாரத்தில் 1.2 கோடி பிரதிகள் விற்று, அதுவரை சோனி வெளியிட்டவற்றிலேயே அதிவேகமாக விற்ற கேமானது. ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் நாலரை லட்சம் பேர் ஆடியிருக்கிறார்கள். பிறகு அதே ஆண்டு மே மாதம், பிசியில் ஆடுபவர்களும் பிளேஸ்டேஷன் கணக்குத் தொடங்கியே ஆக வேண்டும் என்று சோனி உத்தரவிட்டது. அந்தக் கணக்குச் சேவையே இல்லாத நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் கேமின் விற்பனை நின்றது. எதிர்ப்பு வெடித்தது, சில நாட்களில் சோனி பின்வாங்கியது. தன் பெட்டிக்குள் இருக்கும் அதிகாரம் பிசியில் செல்லாது என்பதைச் சோனி அப்போது நேரடியாகக் கண்டது. 2025 ஜனவரியில் வேறு சில பிசி கேம்களிலும் அந்தக் கணக்குக் கட்டாயத்தைத் தளர்த்தியது.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது: தாமதமாக வருவது எப்போதும் நல்ல நிலையில் வருவதில்லை. 2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 பிசிக்கு வந்தபோது, ஷேடர்களை (காட்சிகளைத் திரையில் வரையும் சிறு நிரல்களை) தயார்செய்யவே நெடுநேரம் ஆனது, பலருக்கு கேம் நடுவில் நின்றுபோனது. பிளேஸ்டேஷன் 5-ல் செயலிக்கும் கிராபிக்ஸுக்கும் பொதுவாக 16 ஜிபி நினைவகம் ஒரே குளமாக இருக்கிறது. பிசியில் கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி நினைவகம், பலரிடம் அது 8 ஜிபிதான். ஒன்றை நினைத்துக் கட்டிய கேமை மற்றொன்றில் பொருத்துவது கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. முழு விலை வாங்கிக்கொண்டு அரைகுறையாகத் தருவதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது. மாதக்கணக்கில் வந்த திருத்தங்களுக்குப் பிறகுதான் அந்தக் கேம் சீரானது.

மைக்ரோசாஃப்ட் இன்னும் தொலைவு போய்விட்டது. 2016-லிருந்து தன் கேம்களை எக்ஸ்பாக்ஸிலும் விண்டோஸிலும் ஒரே நாளில் வெளியிடத் தொடங்கியபோதே, பிசி வைத்திருப்பவர் எக்ஸ்பாக்ஸ் வாங்கக் காரணம் குறைந்துவிட்டது. அடுத்து 2024-ல் நான்கு கேம்களைப் போட்டிக் கன்சோல்களுக்குக் கொடுத்தது. அவற்றில் ஒன்றான சீ ஆஃப் தீவ்ஸ் பிளேஸ்டேஷனில் அமோகமாக விற்றது. 2025-ல் ஃபோர்ஸா ஹொரைசன் 5 போனது, கியர்ஸ் ஆஃப் வார் போனது. அதே ஆண்டு அக்டோபரில், முதல் ஹேலோவின் புதுப்பிப்பு பிளேஸ்டேஷன் 5-க்கும் வரும் என்ற அறிவிப்பு வந்தது. பெட்டிக்காக ஒரு கேமைப் பூட்டி வைத்த அதே கம்பெனி, 6870 கோடி டாலர் கொடுத்து ஆக்டிவிஷன் பிளிஸ்ஸார்டை வாங்கிய பிறகு, கேம் விற்பதே பெட்டி விற்பதைவிட முக்கியம் என்ற இடத்துக்கு வந்திருக்கிறது.

வெளி ஸ்டுடியோக்களிலும் இதே போக்குத்தான். ஃபைனல் ஃபேண்டசி 16 பிளேஸ்டேஷன் 5-ல் மட்டும் 2023 ஜூனில் வந்தது, பிசிக்குப் பதினைந்து மாதம் கழித்து வந்தது. அதன் வெளியீட்டாளரான ஸ்கொயர் எனிக்ஸ் 2024 மே மாதம், இனி பெரிய கேம்களை எல்லாத் தளங்களுக்கும் கொண்டுபோவதே தங்கள் திட்டம் என்று அறிவித்தது. மான்ஸ்டர் ஹன்ட்டர் வேர்ல்டு 2018-ல் கன்சோலுக்கு ஜனவரியிலும் பிசிக்கு ஆகஸ்டிலும் வந்தது. அதே வரிசையில் 2025-ல் வந்த வைல்ட்ஸ் எல்லா இடத்திலும் ஒரே நாளில்.

இதற்கு நேரெதிரான ஒரு திசையும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. பால்டர்ஸ் கேட் 3 2020-லிருந்தே பிசியில் முன்னோட்ட நிலையில் விற்பனையில் இருந்தது. முழுதாக 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் பிசிக்கும், அடுத்த மாதம் பிளேஸ்டேஷனுக்கும், டிசம்பரில் எக்ஸ்பாக்ஸுக்கும் வந்தது. கடைசித் தாமதத்துக்குக் காரணம், விலை குறைந்த எக்ஸ்பாக்ஸ் மாடலில் திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடும் வசதி சரியாக ஓடாததுதான். யாரும் யாருக்கும் காசு கொடுக்கவில்லை, கன்சோல்காரர்கள் காத்திருந்தார்கள்.

ஜிடிஏ கேம்களைச் செய்யும் ராக்ஸ்டார் ஒரு தனி ரகம். ஜிடிஏ 5 2013-ல் அன்றைய கன்சோல்களுக்கும், 2014-ல் புதிய கன்சோல்களுக்கும், 2015-ல் பிசிக்கும் வந்தது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஓராண்டு பிந்தியது. 2010-ல் வந்த அதன் முதல் பாகம் பிசிக்கு வந்தது 2024 அக்டோபரில். ஒரே ஆளிடம் ஒரே கேமை இரண்டு முறை விற்க முடிகிற பொறுமையும் பலமும் அவர்களுக்கு இருக்கிறது. ஜிடிஏ 6-க்கு அறிவிக்கப்பட்ட தளங்களிலும் பிசி இல்லை. இதைக் கன்சோல் கம்பெனிகளின் வெற்றி என்று படிப்பது தவறு.

நின்டென்டோவைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவுமில்லை. மாரியோவும் செல்டாவும் பிசிக்கு வரவில்லை, வரும் அறிகுறியும் இல்லை. 15 கோடிக்கு மேல் விற்ற அவர்களுடைய ஸ்விட்ச் கன்சோலில் மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் மட்டுமே 6 கோடியைத் தாண்டி விற்றது. இப்படி ஓடும் வண்டியை அவர்கள் ஏன் நிறுத்த வேண்டும்? ஸ்விட்ச் கேம்களைக் கணினியில் ஓட்டிய யூசு எமுலேட்டரை உருவாக்கியவர்கள் மீது 2024-ல் வழக்குப் போட்டு, 24 லட்சம் டாலர் தீர்வுத் தொகையோடு அதை மூட வைத்தார்கள். பழைய முறை எக்ஸ்க்ளூசிவ் முழு உயிரோடு இருப்பது இங்கே மட்டும்தான்.

அப்படியானால் பிசியும் கன்சோலும் எதற்காக மோதுகின்றன? உங்கள் ஓய்வு நேரத்துக்காகவும், வரவேற்பறை டிவிக்காகவும். கன்சோலின் பலம் தெளிவானது: ஒரே செலவு, செருகினால் ஓடும், ஏழெட்டு ஆண்டுகளுக்கு யோசிக்க வேண்டாம். பிசியில் ஆன்லைன் ஆட்டத்துக்குத் தளத்துக்கென்று தனிச் சந்தா கிடையாது. பிளேஸ்டேஷனில் 2013-லிருந்தே பெரும்பாலான கேம்களுக்கு அது உண்டு. இருபது ஆண்டுக்கு முன் ஸ்டீமில் வாங்கிய ஹாஃப்-லைஃப் 2 இன்று வாங்கும் கணினியிலும் ஓடும். மாட்கள் உண்டு, தள்ளுபடிகள் அதிகம்.

இந்த மோதலில் உண்மையான திருப்பம் 2022 பிப்ரவரியில் வால்வ் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கணினி. 2015-ல் வால்வ் ஸ்டீம் மெஷின் என்ற பெயரில் ஒரு முறை முயன்று தோற்றது. அது விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடியது, அதில் ஓடும் கேம்கள் அன்று போதுமான அளவு இல்லை. 2018-ல் புரோட்டான் என்ற மென்பொருள் அடுக்கு வந்த பிறகு விண்டோஸ் கேம்கள் மாற்றமில்லாமல் லினக்ஸில் ஓடத் தொடங்கின. டெக் அதன் மேல் நிற்கிறது. 2025 நவம்பரில் டிவிக்கு அருகே வைக்கும் புதிய ஸ்டீம் மெஷினையும் அறிவித்தார்கள். பார்ப்பதற்கு அது கன்சோல்தான். ஆனால் டெக்கில் மட்டும் ஓடும் கேம் ஒன்றுகூடக் கிடையாது. அதன் வசதிகளைக் காட்ட வால்வே செய்த அப்பெர்ச்சர் டெஸ்க் ஜாப், கன்ட்ரோலர் செருகிய எந்தக் கணினியிலும் இலவசமாக ஓடியது. 2020-ல் ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் வந்தபோதும் வால்வ் தன் சொந்த விஆர் கருவியை விற்றுக்கொண்டிருந்தது, கேமோ மற்ற கம்பெனிக் கருவிகளிலும் ஓடியது. பூட்டக்கூடிய வாய்ப்பு இரண்டு முறை வந்தும் வால்வ் பூட்டவில்லை.

2025 அக்டோபரில் வந்த ரோக் எக்ஸ்பாக்ஸ் அல்லை கையடக்கக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே விண்டோஸ், அதனால் ஸ்டீமை நிறுவலாம். சோனி சொந்தமாக வெளியிட்ட ஸ்பைடர்-மேனை எக்ஸ்பாக்ஸ் முத்திரை பொறித்த கருவியில் முறையாக வாங்கி ஆடலாம். இருபது ஆண்டுக்கு முன் இதைச் சொன்னால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

எனக்கு மனவருத்தம் தரும் விஷயம் வேறு. பூட்டிய கேம் அதன் பெட்டியோடு சேர்ந்து முதுமையடைகிறது. 2015-ல் வந்த பிளட்போர்ன் இன்றும் பிளேஸ்டேஷனைத் தாண்டவில்லை. வினாடிக்கு 30 சட்டகம் என்ற பழைய வரம்பிலேயே நிற்கிறது. பதினைந்து மாதமோ நான்கு ஆண்டோ தாமதமானால் பொறுத்துக்கொள்ளலாம், அது வியாபாரம். அழகான ஒரு படைப்பை எந்த வியாபாரக் காரணமும் மிஞ்சாத பிறகும் பூட்டி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிசியில் ஒரு பதிப்பு இருந்தால், கம்பெனி மறந்துவிட்டாலும் ரசிகர்கள் அதைத் திருத்தி, புதிய திரைகளுக்குப் பொருத்தி, ஓடவைத்துக்கொண்டிருப்பார்கள்.

எதை வாங்குவது என்று முடிவு செய்யத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், எக்ஸ்க்ளூசிவ் பட்டியலை எண்ணிப் பார்க்க வேண்டாம். நின்டென்டோ கேம்கள்தான் வேண்டுமென்றால் அவர்கள் பெட்டியைத் தவிர வழியில்லை. கிரான் டூரிஸ்மோ 7, ஆஸ்ட்ரோ பாட் போன்ற இன்னும் பிசிக்கு வராதவையோ, ஜிடிஏ 6-ஐ முதல் நாளே ஆடுவதோதான் உங்கள் ஆசை என்றால் கன்சோல் வாங்குங்கள். ஓரிரு ஆண்டு காத்திருப்பது உங்களுக்குப் பொருட்டில்லை என்றால் மற்ற பெரும்பாலானவற்றுக்கு ஒரு நல்ல பிசி போதும். புதிய எக்ஸ்பாக்ஸ் கேம்களுக்கு அந்தக் காத்திருப்பும் தேவையில்லை.